ஏழாவது கற்பனையில் நின்றவள்

எங்கள் பங்குக் கோயிலின் ஜூபிலி மலருக்குக் கட்டுரை கேட்டு மலர்க் குழுச் செயலாளர் வீட்டுக்கு வந்தார். தலைப்பையும் அவரே கொண்டுவந்திருந்தார்: "தேவ சட்டமும் தேவ அருளும்". இரண்டு பக்கத்துக்கு மிகாமல் இருக்க வேண்டுமாம். படித்த வேதசாஸ்திரிகள் காலம் காலமாக அடித்துக்கொண்டும் தீராத விஷயத்தை நான் இரண்டு பக்கத்தில் தீர்த்துவைத்து, கூடவே ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோவும் தரவேண்டும். போட்டோவை உடனே எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

"முப்பத்தஞ்சு வருசம் உபதேசியாரா இருந்தவருங்க நீங்க. உங்களுக்குத் தெரியாததுங்களா?" என்றார்.

சட்டம் எனக்குத் தெரியும். அதை மறுக்கவில்லை. மற்றதைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் தெரியும், அதுவும் என் தலையில் வந்து விழுந்ததால் தெரியும். அதை எழுதினால் இரண்டு பக்கம் போதாது, மலரின் அழகும் கெட்டுப்போகும். செயலாளர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

உபதேசியார் யார் என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கோயிலில் மணியடிப்பவர், பூசைக்கு எல்லாம் எடுத்து வைப்பவர், செபம் சொல்லிக்கொடுப்பவர், சாமியாருக்கு அலுவலகக் கடிதங்கள் எழுதுபவர். சாமியாருக்கு அடுத்தபடியாக எல்லாம் தெரிந்தவர். சாமியாரைவிடவும் தெரிந்தவர் என்று தானே நினைத்துக்கொண்டிருப்பவர். இண்டூரிலிருந்து பென்னாகரம் போகிற வழியில் உள்ள எங்கள் ஊரில் அது நான்.

பயிற்சி என்று சேலத்தில் பத்து மாதம். அங்கே கேள்வியும் அவர்களே கொடுத்தார்கள், பதிலும் அவர்களே கொடுத்தார்கள். மனப்பாடம் செய்வது மட்டும் எங்கள் பொறுப்பு. தேவ அருளுக்கு அப்போது இஷ்டப்பிரசாதம் என்று பெயர். அது என்ன என்று கேட்டால் மூச்சு விடாமல் நாலு வரி சொல்வேன். அதைச் சொல்லித்தான் வகுப்பில் முதலாவதாக வந்தேன். அதை எங்கேயாவது கண்ணால் பார்த்திருக்கிறாயா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வந்த பஸ்ஸிலேயே ஊர் திரும்பியிருப்பேன்.

இப்போது கலியாணம் கட்டப்போகிற ஜோடிகளுக்கு மூன்று நாள் வகுப்பு, நடுவில் பிரியாணி, முடிவில் சர்டிபிகேட். எங்கள் காலத்தில் மந்திரப் பரீட்சை இருந்தது. மந்திரம் என்றால் செபம். கலியாணம் ஆனாலும் சரி, புதிதாக வேதத்தில், அதாவது கிறிஸ்தவத்தில், சேர்வதானாலும் சரி, சாமியார் முன்னால் நின்று எல்லாச் செபங்களையும் ஒப்பிக்க வேண்டும். அதோடு தேவ கற்பனை, அதாவது கடவுள் கொடுத்த கட்டளை, பத்து; திருச்சபைக் கட்டளை ஆறு. ஒன்றில் தடுமாறினாலும் திரும்பப் போய்ப் படித்துவிட்டு வர வேண்டும். பந்தல்கால் நட்ட பிறகு பெயிலாகிக் கலியாணத்தைத் தள்ளிவைத்தவர்கள் உண்டு. அந்தப் பரீட்சைக்கு ஆளைத் தயார் செய்வது நான். தள்ளிவைத்த கலியாணங்களைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

இன்னாசி சாமியார் எங்கள் பங்குக்கு வந்தது எண்பதுகளின் தொடக்கத்தில். ஒல்லியான மனிதர். கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கமாகத் திருப்பிக் கட்டியிருப்பார். மணி பார்க்கும்போது தன் நாடியைத் தானே பார்ப்பதுபோல இருக்கும். பூசை ஆறு மணிக்கு என்றால் ஆறு. ஆறு ஒன்றுக்கு வருகிறவன் வெளியே. அவர் யாரையும் அடித்ததில்லை, கத்தியதுகூட இல்லை. "சட்டம்" என்று ஒரு வார்த்தை சொல்வார். அதற்கு மேல் எதிரே நிற்பவருக்குப் பேச ஒன்றும் மிஞ்சாது. இப்படி ஒரு பெரியவருக்குக் கீழே வேலை செய்ய நான் கொடுத்துவைத்தவன் என்று என் மனைவி ரோசம்மாவிடம் பல தடவை சொல்லியிருக்கிறேன்.

பரீட்சையை அவர் நடத்தும் விதமே தனி. அலுவலக அறையில் மேசைக்குப் பின்னால் அவர். பக்கத்தில் புத்தகத்தோடு நான். எதிரே சுவரோரமாக மாட்டிக்கொண்டவர். செபங்கள் முடிந்து கற்பனைகளுக்கு வந்ததும் சாமியார் வாயைத் திறக்கமாட்டார். விரலைக் காட்டுவார். நாலு விரல் காட்டினால் நாலாவதைச் சொல்ல வேண்டும். ஒரு கை முழுக்க விரித்து மறு கையில் மூன்று நீட்டினால் எட்டாவது. வரிசையாகச் சொல்லிப் பழகிய ஆட்களை இப்படிக் கலைத்துக் கேட்டால் பாதிப் பேருக்கு வேர்த்துவிடும். நான் அதை ரசித்துப் பார்ப்பேன்.

ஒரு மாப்பிள்ளை. பக்கத்துக் காட்டுக்காரரின் நிலத்துக்குள் ஒரு முழம் வரப்பைத் தள்ளிப் போட்டதற்காகப் பென்னாகரம் போலீஸ் ஸ்டேஷனில் காலையில் உட்கார்ந்திருந்துவிட்டு, மத்தியானம் நேராகப் பரீட்சைக்கு வந்தான். பிறர் உடைமைக்கு ஆசைப்படக்கூடாது என்கிற பத்தாவதை அவன் சொன்ன அழகு இருக்கிறதே, எனக்குப் புல்லரித்துவிட்டது. பாஸ். பெற்ற தாய்க்குச் சோறு போடாமல் துரத்திவிட்ட ஒருவன், தாய் தகப்பனை மதிக்க வேண்டும் என்கிற நாலாவதைக் கண்ணை மூடிக்கொண்டு சொன்னான். அவனும் பாஸ். எங்கள் பரீட்சையில் "என்ன?" என்கிற ஒரு கேள்விதான் உண்டு.

சூசை எங்கள் ஊர்க்காரன். கொஞ்சம் மானாவாரி நிலம், மற்ற நாளில் கூலி வேலை. பென்னாகரத்துக்கு அந்தப் பக்கம் காட்டோரத்து ஊர் ஒன்றுக்குக் கிணறு வெட்டப் போனவன், அங்கிருந்து கெம்பம்மாவைக் கூட்டிக்கொண்டு திரும்பினான். அவள் வீட்டில் கன்னடம் பேசுவார்கள். இந்துக் குடும்பம். அந்த ஊர்க் கோயிலிலேயே தாலி கட்டியிருந்தான். நம் கோயிலில் கட்டாத தாலி தாலியே அல்ல என்பது சட்டம். ஆகவே சூசைக்கு நன்மை கிடையாது. நன்மை என்றால் பூசையில் கொடுக்கும் அந்த அப்பம். செத்தால் மந்திரித்த கல்லறைத் தோட்டத்தில் இடமும் கிடையாது. சுவருக்கு வெளியே கள்ளிச் செடியோரம்தான்.

பதினோரு வருஷம் சூசை ஞாயிறு தவறாமல் பூசைக்கு வந்தான். உள்ளே அல்ல, வாசலில் செருப்பு விடுகிற இடம் வரைக்கும். அப்பத்தை உயர்த்தும்போது உள்ளே மணி அடிக்கும். அவன் வெளியே ஜல்லியில் முட்டி போடுவான். அந்த மணியை அடிப்பது நான். அவன் படி தாண்டாமல் பார்த்துக்கொள்வதும் நான்தான். ஒரு நாளும் அவன் தாண்ட நினைத்ததில்லை. ஆனாலும் நான் பார்த்துக்கொண்டேன்.

பிறகு அவனுக்குக் காசநோய் வந்தது. தர்மபுரி பெரிய ஆஸ்பத்திரியில் பல மாதம் வைத்திருந்து, இனிமேல் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். அவன் என்னை வரச்சொல்லி ஆள் அனுப்பினான். போனேன். கயிற்றுக் கட்டிலில் விலா எலும்பு எண்ணும்படி கிடந்தான்.

"உபதேசியாரே, ஒரே ஒரு தடவ நன்மை வாங்கிட்டுப் போயிடறனுங்க. அப்பறம் செவுத்துக்கு உள்ள, எங்கப்பன் பக்கத்துல படுக்கணும். சாமிகிட்டச் சொல்லுங்க" என்றான்.

நான் சட்டத்தைச் சொன்னேன். சாகக் கிடப்பவனிடம் சட்டம் சொல்வதற்கும் ஒரு தனித் திறமை வேண்டும், அது எனக்கு இருந்தது. "இவளை அவ ஊருக்கு அனுப்பி வெச்சிரு. நாளைக்கே சாமியக் கூட்டியாறேன்."

சூசை கொஞ்ச நேரம் இருமினான். "எனக்குத் தண்ணி ஊத்தறவளத் தொரத்திட்டு நன்மை வாங்கறதுங்களா? அது தொண்டையில எறங்குமுங்களா?" என்றான்.

அப்படியானால் மிச்சம் ஒரே வழி. கெம்பம்மா ஞானஸ்நானம் வாங்க வேண்டும், பிறகு இருவருக்கும் முறையாகக் கலியாணம். வேதத்தில் சேராத பெண்ணையே கட்டிவைக்க மேலிடத்து உத்தரவு வாங்கலாம்தான். அது வர மூன்று மாதம் ஆகும். சூசையிடம் மூன்று மாதம் இல்லை. கட்டில் ஓரம் நின்றிருந்த கெம்பம்மா, "நான் படிக்கறனுங்க. சொல்லிக் குடுங்க" என்றாள்.

அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் காது நல்ல காது. பத்தே நாளில் பரலோக மந்திரம், அருள் நிறைந்த மந்திரம், விசுவாச மந்திரம் எல்லாம் வந்துவிட்டன. நான் அசந்துபோனேன். கற்பனைகளில் ஆறாவது மோக பாவத்தைப் பற்றியது. இவள் அதில்தான் தடுமாறுவாள் என்று நான் முன்பே முடிவுகட்டி, கொஞ்சம் ஆவலோடுகூடக் காத்திருந்தேன். பதினோரு வருஷம் சட்டமில்லாமல் குடித்தனம் நடத்தியவள் அல்லவா! அவள் ஆறாவதைத்தான் எல்லாவற்றையும்விட உரக்கச் சொன்னாள்.

ஏழாவதில் நின்றுவிட்டாள். திருடக்கூடாது என்பது ஏழாவது. ஒரே ஒரு சொல். நான் சொல்லச் சொல்லத் திரும்பச் சொல்பவள், அது வந்ததும் வாயை மூடிக்கொண்டு தரையைப் பார்ப்பாள். எட்டாவதைச் சொன்னால் திரும்பவும் தொடங்குவாள். ராகம் போட்டுச் சொல்லிக்கொடுத்தேன். எனக்குத் தெரிந்த அரைகுறைக் கன்னடத்தில் சொல்லிப் பார்த்தேன். அதற்குச் சிரித்தாள், சொல்லவில்லை. மண்டையில் ஏறவில்லை என்று முடிவுக்கு வந்தேன்.

முதல் பரீட்சை. சாமியார் ஒரு கையை விரித்து மறு கையில் இரண்டு விரல் நீட்டினார். கெம்பம்மா பேசாமல் நின்றாள். அவர் விரலை இறக்கவில்லை. ஒரு நிமிஷம் அப்படியே போனது. "ஒரு வாரம் கழிச்சு வாம்மா" என்றார். இரண்டாவது பரீட்சையிலும் அதே கதை. அதற்குள் சூசையின் கோழையில் இரத்தம் வரத் தொடங்கியிருந்தது. நான் அவளைத் திட்டினேன். "ஒரு வார்த்தைக்காகப் புருசனக் கள்ளிச் செடியில புதைக்கப் போற" என்று சொன்னேன். சொன்னேன் என்பதை இங்கே எழுதத்தான் வேண்டும். அவள் அழுதாள், அப்போதும் சொல்லவில்லை.

மூன்றாவது பரீட்சைக்கு வந்தாள். செபமெல்லாம் முடிந்தது. சாமியார் மறுபடியும் ஏழு விரல் காட்டினார். அவள் வழக்கம்போலத் தரையைப் பார்த்தாள். நான் மெதுவாக அடியெடுத்துக் கொடுத்தேன். பயனில்லை. சாமியார் விரல்களை மடக்கி மேசைமேல் வைத்துக்கொண்டார். பிறகு, பரீட்சையில் இதுவரை கேட்காத கேள்வியைக் கேட்டார்.

"ஏம்மா சொல்லமாட்டேங்கற?"

"தெரியாம இல்லீங்க சாமி" என்றாள்.

"பின்ன?"

"மத்ததெல்லாம் நான் செய்யறதில்லீங்க, அதனால சொல்லிடறன். இது தெனமும் செய்யறனுங்களே. விடிஞ்சா காட்டுக்குப் போய் வெறவு ஒடிச்சாந்து விக்கறன். அது கவுருமெண்டுக் காடு. கார்டு பாத்தா அடிச்சுத் தொரத்துவாரு. திருட்டு வெறவு தானுங்க அது? எங்கூர்ல சாமி முன்னால நின்னு வாயால சொன்னா அது ஆணைங்க. ஆணை வெச்சுட்டு மறுநாளு காட்டுக்குப் போனா, அது அவரு தலையில தான விழும்? அவரே கெடக்கறாரு." மூச்சு வாங்கிக்கொண்டு, "நிறுத்திடலாமுன்னு பாத்தனுங்க. நிறுத்துனா அவருக்குக் கஞ்சி இல்லீங்க" என்றாள்.

நான் சிரிக்கத் தயாரானேன். பாடம் ஒப்பிப்பதைப் போய்ச் சத்தியம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாளே! பதினைந்து வருஷத்தில் என்னிடம் படித்த ஒருவருக்கும் வராத சந்தேகம். சாமியார் சிரிக்காததால் நானும் நிறுத்திக்கொண்டேன்.

"யாருக்கு விக்கற?" என்றார் சாமியார்.

கெம்பம்மா கள்ளமில்லாமல் விரல்விட்டுச் சொன்னாள். "சிஸ்டருங்க மடத்துக்கு மூணு கட்டுங்க. நீங்க தங்கற வூட்டுக் குசினிக்கு ரெண்டு கட்டு, சமையக்காரரு வாங்கிக்குவாரு. உபதேசியார் வூட்டுக்கு ஒண்ணு. ரோசம்மாக்கா கருவேலந்தான் வேணுமும்பாங்க."

சாமியாருக்கு முன்னால் காப்பி டம்ளர் இருந்தது. அவர் அதைப் பார்த்தார். நான் என் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தேன். என் ஆயுளில் அந்தப் பக்கத்தை அவ்வளவு கவனமாக நான் பார்த்ததில்லை.

"வர்ற ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு ஞானஸ்நானம்" என்றார். நடுவில் ஒரு ஞாயிறு அவர் வேறு ஊர்ப் பூசைக்குப் போகவேண்டியிருந்தது. "அன்னைக்கே கலியாணம், நன்மை எல்லாம். ஏற்பாடு பண்ணுங்க."

அவள் போனதும் நான் கேட்டேன். "சாமி, ஒம்போதுதானுங்க ஆச்சு."

"ஆமாங்க. மிச்சம் ஒண்ணு நம்ம மூணு அடுப்புலயும் எரியுது" என்றார். எழுந்து போய்விட்டார்.

நியாயமாக நான் வெட்கப்பட்டிருக்க வேண்டும். எனக்குக் கோபம்தான் வந்தது. என்ன அநியாயம்! எத்தனை பேரைத் திருப்பியனுப்பியிருக்கிறோம், எத்தனை கலியாணத்தைத் தள்ளிவைத்திருக்கிறோம், இப்போது விறகுக்காரி ஒருத்திக்காகப் பத்தில் ஒன்றைக் கழித்துவிட்டால் அவர்களுக்கு என்ன பதில்? இதெல்லாம் நானே எனக்குச் சொல்லிக்கொண்ட காரணங்கள். உள்ளே உறுத்தியது என் வீட்டு அடுப்பு. அதை அவள் சாமியார் முன்னால் போட்டு உடைத்துவிட்டாளே என்பதுதான்.

மேற்றிராணியார், அதாவது பிஷப், அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். மிகவும் பணிவான கடிதம். பங்குச் சாமியார் கற்பனை முழுதும் அறியாத, அன்றாடம் திருடுவதாகத் தானே ஒப்புக்கொண்ட ஒரு பெண்ணுக்கு ஞானஸ்நானம் கொடுக்கப் போவதாகவும், விசுவாசிகள் மனம் புண்பட்டிருப்பதாகவும். புண்பட்ட விசுவாசி நான் ஒருவன்தான், பன்மை மரியாதைக்காக. எங்கள் ஊர்த் தபால்காரர் பார்த்துவிடக்கூடாது என்று பஸ் ஏறிப் பென்னாகரத்தில் போய்ப் பெட்டியில் போட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் பதில் வந்தது. தினமும் தபால் எடுத்துவருவதும் என் வேலைதான். நீளமான பழுப்பு உறை, மேலே முத்திரை, ஓரத்தில் "அவசரம்". கையில் வாங்கியதும் எனக்குத் தெரிந்துவிட்டது: நிறுத்திவைக்கச் சொல்லியிருப்பார்கள். சட்டம் சரியான நேரத்துக்கு பஸ் பிடித்து வந்து சேர்ந்துவிட்டது என்று எனக்குப் பெருமையாக இருந்தது. ஓட்டமும் நடையுமாகச் சாமியாரிடம் கொண்டுபோனேன்.

அவர் உறையை வாங்கி முத்திரையைப் பார்த்தார். "அவசரம்" என்பதைப் பார்த்தார். மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்தேகால்.

"முட்டி போடுங்க உபதேசியாரே, செபமாலை சொல்லலாம்" என்றார்.

இருவரும் முட்டி போட்டோம். கடிகாரத்தோடு ஓட்டப்பந்தயம் ஓடுகிற அந்த மனிதர் அன்றைக்கு ஒவ்வொரு மணியாக, சாவகாசமாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். ஐம்பத்து மூன்று மணியும் முடிந்தது. பிரார்த்தனை மாலையையும் சொல்வோம் என்றார். அதுவும் முடிந்தது. உறை மேசைமேல் கிடந்தது. என் முட்டி கழன்றுவிடும்போல் வலித்தது. பிறகு அவர் கடிகாரத்தைப் பார்த்து, "ஆறு ஆச்சு. போய்த் திரிகால மணி அடிங்க" என்றார்.

போய் அடித்தேன். திரும்பி வந்தபோது அவர் உறையை மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"சாமி, அவசரமுன்னு போட்டிருக்குதுங்களே" என்றேன்.

"சனிக்கிழமை அந்தி மணி அடிச்சா ஞாயிறு பொறந்துடுது. ஞாயித்துக்கிழமை ஆபீஸ் வேலை ஆகாது. மூணாவது கற்பனை" என்றார். பிறகு, "சட்டம்" என்றார்.

மறுநாள் காலை கெம்பம்மாவுக்கு ஞானஸ்நானம். அந்தோணியம்மா என்று பெயர். யாரும் கடைசிவரை அப்படிக் கூப்பிடவில்லை. பூசை முடிந்ததும் சாமியார் நன்மையை எடுத்துக்கொண்டு நடந்தார். நான் முன்னால் கைமணி அடித்துக்கொண்டு போனேன். ஊரே பின்னால் வந்தது. சூசைக்கு வெள்ளை வேட்டி கட்டி, முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்காரவைத்திருந்தார்கள். இந்தப் பெண்ணை உன் மனைவியாக ஏற்றுக்கொள்ளச் சம்மதமா என்று சாமியார் கேட்டார். "பதினோரு வருசமா சம்மதந்தானுங்க" என்றான் சூசை. வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். சாமியார் சிரிக்கவில்லை. "சம்மதமுன்னு மட்டும் சொல்லு" என்றார். சொன்னான்.

பிறகு நன்மை. சாமியார் அதை அவன் நாக்கில் வைத்தார். அவன் வாயை மூடிக்கொண்டு வெகுநேரம் விழுங்காமல் இருந்தான். கெம்பம்மா டம்ளரில் தண்ணீர் கொடுத்தாள். விழுங்கிவிட்டு என்னைப் பார்த்து, "இத்தினி லேசா இருக்குதுங்களே" என்றான். பதினோரு வருஷம் நான் காவல் காத்த பொருளைப் பற்றி அவன் சொன்னது அவ்வளவுதான். நான் கெட்டவன் என்று அந்த நிமிஷம் ரொம்பத் தெளிவாகத் தெரிந்தது. இழுப்பறைக்குள் இருக்கிற உறையும் ஞாபகம் வந்தது.

திங்கட்கிழமை காலை சாமியார் என்னை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். உறை பிரிந்து கிடந்தது. விளக்கம் கேட்டு ஒரு தாள். விளக்கம் வரும்வரை எதையும் நடத்தவேண்டாம் என்று உத்தரவு. அதோடு பின் குத்தியபடி என் கடிதம்.

"நல்ல கையெழுத்துங்க. ஒரு பிழை இல்ல" என்றார்.

ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார்.

"பதில் எழுதணும். எழுதுங்க."

"நானுங்களா சாமி?"

"ஆபீஸ் லெட்டரெல்லாம் நீங்கதான எழுதறீங்க? இந்தக் கையெழுத்து அங்கயும் பழகிடுச்சு."

"என்னன்னு எழுதறதுங்க?"

"நடந்தத எழுதுங்க."

உட்கார்ந்து எழுதினேன். அந்தப் பெண் ஒன்பது கற்பனைகளையும் பிழையறச் சொன்னாள். ஏழாவதைச் சொல்லவில்லை, காரணம் அதைத் தன்னால் கடைப்பிடிக்க முடியவில்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அவள் கொண்டுவரும் விறகு பங்குச் சாமியார் வீட்டிலும், கன்னியர் மடத்திலும், புகார் எழுதிய உபதேசியார் வீட்டிலும் எரிகிறது. இவர்கள் எல்லோரும் ஏழாவதைத் தடங்கலில்லாமல் சொல்லக்கூடியவர்கள். உத்தரவு கைக்கு வந்தது சனிக்கிழமை, பிரித்துப் பார்த்தது திங்கட்கிழமை. இவ்வளவுதான் கடிதம். சாமியார் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். மேலிடத்திலிருந்து அதற்குப் பதில் வரவே இல்லை. அங்கேயும் அடுப்பு இருந்திருக்கும்.

வேலையை விட்டுப் போகச் சொல்வார் என்று நின்றுகொண்டிருந்தேன். பகிரங்கமாகத் தப்புச் செய்தவன் மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு பூசை முடியும்வரை கோயில் வாசலில் முட்டி போட வேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம். எத்தனையோ பேரை நானே நிறுத்தி வைத்திருக்கிறேன். அதையாவது சொல்வார் என்று பார்த்தேன். அவர் பேனாவை மூடிவிட்டு, "சாயங்காலம் மணிய நேரத்துக்கு அடிங்க" என்றார். தாளாமல் அவரிடமே பாவசங்கீர்த்தனம் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அபராதமாக ஒரே ஒரு அருள் நிறைந்த மந்திரம் சொல்லச் சொன்னார். ஒன்று! கோழி திருடினவனுக்கே பத்து கொடுப்பார். எனக்கு அவமானமாக இருந்தது.

சூசை அடுத்த வாரம் இறந்துபோனான். சுவருக்கு உள்ளே, அவன் அப்பன் பக்கத்தில் குழி வெட்டினோம். காரியமெல்லாம் முடிந்து சில நாள் கழித்துக் கெம்பம்மா என் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு முறத்தில் கேழ்வரகு.

"உங்களாலதானுங்க அவரு செவுத்துக்குள்ள படுத்திருக்கறாரு" என்றாள்.

"என்னாலயா? நான் என்ன பண்ணுனேன்?"

"மேல எழுதிப் போட்டீங்களாமே. சாமி சொன்னாருங்க. 'உபதேசியாரு உனக்காகப் பென்னாகரம் வரைக்கும் போயி மேல லெட்டர் போட்டாரு, உன்னப் பத்தி ரெண்டு லெட்டர் அவரு கையாலயே எழுதுனாரு'ன்னு."

உனக்காக என்று சாமியார் சொன்னாரா, அவளாகச் சேர்த்துக்கொண்டாளா, தெரியாது. மற்றதில் ஒரு எழுத்துப் பொய் இல்லை. இரண்டு கடிதமும் என் கைதான். பென்னாகரம் வரைக்கும் போனதும் உண்மைதான். முதல் கடிதம் எதற்காக என்று அவளிடம் சொல்ல வாயெடுத்தேன். உள்ளே ரோசம்மா அவள் விறகில்தான் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். கெம்பம்மா முறத்தை என் காலடியில் வைத்துவிட்டுக் கும்பிட்டாள். நான் பேசாமல் இருந்துவிட்டேன்.

நாலு வருஷம் கழித்து அவளுக்குச் சத்துணவுக் கூடத்தில் ஆயா வேலை கிடைத்தது. வேலையில் சேர்ந்த அன்றைக்கே வந்து, "இப்பச் சொல்லலாமுங்க" என்று என் எதிரே நின்று ஏழாவதைச் சொன்னாள். யாரும் கேட்கவில்லை. இன்னாசி சாமியார் அதற்கு முன்பே அரூர்ப் பக்கம் மாற்றலாகிப் போய்விட்டார், அங்கேயே இறந்தும் போனார். அவர் போன பிறகும் மந்திரப் பரீட்சை நடந்தது. நான் புத்தகத்தோடு நின்றேன். ஏழு விரல் காட்டும் நேரத்தில் மட்டும் புத்தகத்தைப் பார்த்துக்கொள்வேன்.

கெம்பம்மா இப்போதும் இருக்கிறாள். கோயிலில் பெண்கள் பக்கம் முதல் வரிசை. வருஷத்துக்கொரு முறை, சூசையின் நினைவுப் பூசை முடிந்ததும், கேழ்வரகு கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிறாள். புதிதாக வருகிற ஒவ்வொரு சாமியாரிடமும் என்னைக் காட்டி, "இவருதானுங்க எங்கூட்டுக்காரருக்காக மேல எழுதிப் போட்டவரு" என்கிறாள். முப்பத்தைந்து வருஷ வேலையில் எனக்குக் கிடைத்த நற்சான்று இது ஒன்றுதான்.

செயலாளர் இதை வெட்டாமல் போடவேண்டும். அச்சானதும் யாராவது கெம்பம்மாவுக்குப் படித்துக் காட்டுவார்கள், நிச்சயம். அவளும் என் வீட்டுக்கு வருவாள், அதுவும் நிச்சயம். வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினால் பிழைத்தேன், அதை எப்படித் தாங்குவது என்று எனக்குத் தெரியும். "அதுக்கென்னங்க உபதேசியாரே" என்று சொல்லிவிடுவாளோ என்றுதான் பயமாக இருக்கிறது.